தயிர் உறையவில்லையா? பாலைப் பழிக்கும் முன்

இரவில் ஊற்றி வைத்த தயிர் காலையில் உறையாமல் கிடந்தால், பால்காரர் தண்ணீர் கலந்துவிட்டார் என்றோ பாக்கெட் பாலின் தரம் போய்விட்டது என்றோ சொல்லிவிடுவது நம் வழக்கம். தண்ணீர் கலந்த பால்கூடத் தளர்வாகவேனும் உறையும் என்பதால், அடியோடு உறையாமல் போனதற்கான காரணத்தைப் பெரும்பாலும் உறை ஊற்றிய நேரத்துச் சூட்டில்தான் தேட வேண்டும்.

உறைமோரில் உள்ள நுண்ணுயிரிகள் பாலின் லாக்டோஸ் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் ஏற ஏற, கேசின் என்னும் புரதம் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிறது. இதற்கு ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சூடு இதமானது. கொதித்து இறக்கிய பாலில் ஊற்றினாலோ அந்த உயிரிகள் மடிந்துவிடும். ஒருநாள் படுக்கப் போகும் அவசரத்தில் நானும் இந்தத் தவற்றைச் செய்தேன். காலையில் மேலே ஏடு படிந்த பால் அப்படியே இருக்க, அடியில் கரண்டிக்கு வெள்ளைத் துணுக்குகள் மட்டும் தட்டுப்பட்டன. ஏட்டைத் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று நம்பியதுதான் பிழை. ஏட்டுக்கு அடியில் சூடு நெடுநேரம் தங்கும். ஆகவே பாலை நன்றாகக் கலக்கிய பிறகு, ஒரு சொட்டை மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டு, சுடாமல் வெதுவெதுப்பாக இருந்தால் மட்டுமே உறை ஊற்ற வேண்டும். தவறு ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிட்டால், ஆறியதும் புதிதாக உறை ஊற்றிக்கொள்ளலாம். விடிய விடிய வெளியில் கிடந்த பாலைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தப்பட்டதுதானே என்று லேசாகச் சூடாக்கி நிறுத்திவிடுவதும் தவறு. நன்றாகக் காய்ச்சிச் சில நிமிடங்கள் சிறுதீயில் வைத்தால், பாலிலுள்ள மற்றப் புரதங்கள் உருமாறிக் கேசினோடு சேர்ந்துகொள்வதால், தயிர் நீர் விடாமல் கெட்டியாக அமையும்.

அடுத்தது அளவு. உறை அதிகமானால் தயிர் கெட்டியாகும் என்ற எண்ணத்தில் குழிக்கரண்டி நிறைய ஊற்றுவோர் உண்டு. அமிலம் விரைந்து ஏறி, தயிர் புளித்துத் திரிதிரியாகப் போவதே அதன் பலன். அரை லிட்டர் பாலுக்குச் சித்திரை வெயிலில் அரைத் தேக்கரண்டியும், மார்கழிக் குளிரில் ஒன்றரைத் தேக்கரண்டியும் போதும். குளிர்நாளில் பாத்திரத்தைத் துண்டால் சுற்றியோ ஹாட்பாக்ஸில் ஊற்றியோ வைப்பது, உறையைக் கூட்டுவதைவிட நல்ல வழி.

உறைமோரும் முந்தைய நாளுக்குரியதாக, புளிப்பேறாததாக இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் தயிர் நூல்போல இழுபடுகிறதென்றால், அந்த உறையைக் கைவிட்டு வேறு வீட்டிலிருந்து வாங்கித் தொடங்குவதே மேல். அதையே மறுபடி ஊற்றினால் மறுநாளும் கொழகொழப்பே வரும். மிளகாய்க் காம்பு போட்டும் உறைய வைக்கலாம் என்பார்கள். சில நேரம் உறையும் என்றாலும், எந்த உயிரி வளரும் என்று சொல்ல முடியாததால் குழந்தைகள் சாப்பிடும் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உறையும்போது பாத்திரத்தை அடிக்கடி அசைத்துப் பார்க்கக் கூடாது. உறைந்த உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். வெளியிலேயே விட்டால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். வெட்டி எடுத்த இடத்தில் ஊறும் தெளிந்த நீரைக் கெட்டுப்போனதாக எண்ணிக் கொட்டிவிடாமல், சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்தலாம்.