கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷ்: ரிட்டர்ன் தேதிக்குள் வீட்டுச் சுவரிலேயே சோதிக்கும் முறை

டிடி600 போன்ற விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷில் (வெளிச்ச அளவை நாமே வைக்க வேண்டிய ஃபிளாஷ்) வெளிச்சம் பெரும்பாலும் போதும். கோளாறு இருந்தால் அது ஒரே சீராக அடிப்பதில்தான் இருக்கும்: ஒரு படம் சரியாக வரும், அடுத்தது அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) இருட்டாகும், நான்காவதில் ஃபிளாஷே அடிக்காது. கடையில் நின்று இரண்டு முறை அடித்துப் பார்த்தால் இது தெரியாது. வீட்டில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தெரிந்துவிடும்.

முதலில் கேமராவின் ஹாட் ஷூவை, அதாவது மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய வட்டத் தொடுபுள்ளி இருக்க வேண்டும். டிடி600-க்குக் காலில் அந்த ஒரு பின் மட்டும்தான். கேனான் 1500டி, 200டி மார்க் 2 போன்ற மாடல்களில் நடுப் புள்ளியே கிடையாது. அவற்றில் மாட்டினால் ஃபிளாஷ் அடிக்காது, ஆனால் ஃபிளாஷில் பழுதில்லை. ஃபிளாஷைக் கழற்றி மேசையில் வைத்து, எஸ்2 ஸ்லேவ் மோடுக்கு (வேறொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டு அடிக்கும் முறை) மாற்றி, கேமராவின் சொந்த ஃபிளாஷைத் திறந்து படமெடுங்கள். அதன் வெளிச்சத்தைப் பார்த்து இதுவும் அடிக்கும். எஸ்1 வைக்காதீர்கள், கேமரா அளவு பார்க்க முன்கூட்டி விடும் சிறு மின்னலுக்கே எஸ்1 அடித்துத் தீர்த்துவிடும், படத்தில் வெளிச்சம் வராது. சோனி கேமராவுக்கென்று டிடி600எஸ் என்ற தனி மாடல் இருக்கிறது.

அடுத்தது செல். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் ஏஏ செல் நான்கு, 2000 எம்ஏஹெச் அளவில், ஒரே நேரத்தில் வாங்கியதாக, அன்றே சார்ஜ் ஏற்றியதாக இருக்கட்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் செல்லைப் போட்டுச் சோதித்தால் முடிவு எதையும் நம்ப முடியாது. அவசரமாகக் கேட்கும் மின்சாரத்தை அதனால் தர முடியாது. ஏஏ அளவிலேயே இருக்கும் 14500 லித்தியம் செல்லைத் தவறியும் போடாதீர்கள். ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், ஃபிளாஷ் எரிந்துபோகும். நல்ல செல்லில் முழு பவருக்குப் பிறகு மீண்டும் தயாராக 2.6 வினாடி என்கிறது கம்பெனி. நாலைந்து வினாடி ஆனால் முதலில் செல்லைச் சந்தேகியுங்கள்.

முக்கியமான சோதனை: பவர் படிகள்

சுவரில் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை ஒட்டுங்கள். கேமரா டிரைபாடில், இரண்டு மீட்டர் தள்ளி. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் 55-ல், ஃபிளாஷ் ஜூம் 50-ல். மேனுவல் மோட், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/125, ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இல்லாமல் ஃபிளாஷ் குறியில். முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு எஃப் 5.6-ல் (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) ஒரு படம் எடுங்கள். அது கறுப்பாக வர வேண்டும். இல்லையென்றால் அறை வெளிச்சம் கலக்கிறது. விளக்கை அணையுங்கள், ஜன்னலை மூடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு ஃபிளாஷ் சரியில்லை என்று குழம்புகிறார்கள்.

பிறகு இந்த வரிசையில் ஐந்து படம்: 1/1 (முழு) பவருக்கு எஃப் 22, 1/2-க்கு எஃப் 16, 1/4-க்கு எஃப் 11, 1/8-க்கு எஃப் 8, 1/16-க்கு எஃப் 5.6. பவர் பாதியாகும்போது லென்ஸ் ஒரு ஸ்டாப் திறப்பதால், ஐந்தும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். முதல் படத்தில் பேப்பர் விவரமே இல்லாமல் வெள்ளையாக வெடித்துப்போனால் கேமராவையும் ஃபிளாஷையும் சேர்த்துப் பின்னால் நகர்த்துங்கள்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். பேப்பருக்கான மேடு ஐந்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எஃப் 22-ல் மட்டும் மூன்றில் ஒரு ஸ்டாப் தள்ளியிருந்தால் அது லென்ஸின் குறையாகவும் இருக்கலாம். எஃப் 22-ஐ மாற்றாமல் வைத்து, 1/1-க்கு ஐஎஸ்ஓ 100, 1/2-க்கு 200, 1/4-க்கு 400, 1/8-க்கு 800, 1/16-க்கு 1600 என்று மறுபடி எடுங்கள். அப்போதும் ஒரு படி மட்டும் பாதி ஸ்டாப் விலகினால் ஃபிளாஷை மாற்றிக் கேளுங்கள்.

அதே இடத்தில் 1/4 பவரில், ஐந்து வினாடி இடைவெளியில் இருபது படம். மேடு நகரவே கூடாது. ஒன்றிரண்டு இருட்டாக வந்தால் இடைவெளியைப் பத்து வினாடியாக்கிப் பாருங்கள். ரெடி விளக்கு எரிந்தாலும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும் என்றில்லை. அப்போதும் இருட்டாக வந்தால் மேலே சொன்னதுதான், மாற்றிக் கேளுங்கள். அடிக்காமலே விட்டால், ஷூவில் கடைசிவரை தள்ளி, வளையத்தை இறுக்கி, பின்னை உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் முயலுங்கள்.

இருபது படத்தையும் முழு பவரில் வேகவேகமாக அடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். தொடர்ந்து முப்பது முறை முழு பவர் அடித்தால் பத்து நிமிடமாவது ஆறவிடச் சொல்கிறது கம்பெனியின் கையேடு. தலையின் முன்பக்க பிளாஸ்டிக் சூட்டில் பழுப்பேறுவது இப்படித்தான்.

ஷட்டர் சோதனை சுலபம். 1/160, 1/200, 1/250, 1/320 என்று ஏற்றிக்கொண்டே பேப்பரை எடுங்கள். ஓரிடத்தில் படத்தின் ஓரமாகக் கறுப்புப் பட்டை வரும். அதற்கு முந்தைய எண்தான் உங்கள் எல்லை. பல கேமராக்களில் அது 1/200. ஷட்டரின் இரண்டாம் திரை கிளம்பிவிட்ட பிறகு ஃபிளாஷ் அடித்தால் அந்தப் பகுதிக்கு வெளிச்சம் போகாது, குறை ஃபிளாஷுடையது அல்ல. ஷூவில் மாட்டிய டிடி600-ல் ஹைஸ்பீட் சிங்க் (இந்த எல்லையைத் தாண்டிய ஷட்டர் வேகத்திலும் அடிக்கும் வசதி) கிடையாது. தனியே வைத்து, கேமராவில் மாட்டும் கோடாக்ஸ் ரேடியோ டிரிக்கரால் இயக்கினால் மட்டும் உண்டு.

ஜூமை 20-லிருந்து 200 வரை ஓட்டி மோட்டார் சத்தத்தைக் கேளுங்கள். சுவரில் வெளிச்ச வட்டம் படிப்படியாகச் சுருங்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் ஜிஎன் 60 (ஃபிளாஷின் பலத்தைக் குறிக்கும் கைடு நம்பர்) இந்த 200-ல், ஐஎஸ்ஓ 100-ல் கணக்கிட்டது. ஃபிளாஷ் ஜூமை அகலமாக வைத்து எடுக்கும்போது அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் படம் இருட்டும்.

கடைசியாகக் கூரையில் பவுன்ஸ், அதாவது ஃபிளாஷ் தலையைக் கூரைப்பக்கம் திருப்பி வெளிச்சத்தைப் பட்டுத் திரும்பவிடுவது. வெள்ளைக் கூரை, சாதாரண வீட்டு உயரம் என்றால் இரண்டு ஸ்டாப் அளவுக்கு வெளிச்சம் குறையும். 1/16-ல் நேரே எடுத்ததை 1/4-ல் தொடங்குங்கள். பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவரில் பட்டால் முகத்திலும் அந்த நிறம் ஏறும்.

வேலை முடிந்ததும் செல்களைக் கழற்றி வையுங்கள். சில மாதம் அலமாரியில் கிடந்த ஃபிளாஷை எடுத்தவுடன் முழு பவரில் அடிக்காமல், ஆன் செய்து சில நிமிடம் விட்டு, 1/16-ல் பத்து தடவை அடித்த பிறகு மேலே ஏற்றுங்கள்.