கெண்டோ படிக்கப் புத்தகமும் வீடியோவும் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜப்பானிய வாள்கலையான கெண்டோவைக் கற்கத் தொடங்கும்போது, முதல் ஆறு மாதத்துக்கு ஒரு புத்தகம், ஒரு அடிப்படை வீடியோத் தொடர், ஒரு கைப்பேசி கேமரா போதும். அதற்கு மேல் வாங்குவதெல்லாம் பெரும்பாலும் அலமாரிக்குத்தான் போகும். நிற்கும் நிலை, கை வைக்கும் இடம், சொற்கள், விதிகள் ஆகியவற்றைப் புத்தகம் தெளிவாகச் சொல்லிவிடும். காலும் ஷினாயும் (பயிற்சிக்கான மூங்கில் வாள்) எந்தக் கணத்தில் ஒன்று சேர்கின்றன என்பதை அச்சில் காட்ட முடியாது. அதற்கு வீடியோ வேண்டும். உங்கள் தப்பைத் திருத்த இரண்டாலும் முடியாது. அது தோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) ஆசிரியரின் வேலை.

படி 1: புத்தகத்தை ஒரே பக்கத்தில் சோதியுங்கள்

சூதான் என்னும் அடிப்படை நிற்கும் நிலையை விளக்கும் பக்கத்தைத் திறங்கள். கீழே உள்ளவை அங்கே படத்தோடு இருக்க வேண்டும்.

- வலது கால் முன்னே, இடது கால் பின்னே. இடது கால்விரல் நுனி வலது குதிகாலின் மட்டத்தில். இரு பாதங்களுக்கும் நடுவே ஒரு கைமுஷ்டி அகலம்.
- இடது குதிகால் தரையிலிருந்து லேசாக உயர்ந்திருக்கும்.
- இடது கை பிடியின் கடைசி நுனியில், தொப்புளுக்கு ஒரு முஷ்டி முன்னே.
- ஷினாயின் முனை எதிராளியின் தொண்டையை நோக்கும்.

பாதங்களை மேலிருந்தும், உடலைப் பக்கவாட்டிலிருந்தும் வரைந்திருந்தால் நல்ல புத்தகம். "சூதானில் நிற்கவும்" என்று ஒரு வரியோடு தாண்டிப் போனால் திரும்ப வைத்துவிடுங்கள். அடுத்து சுபுரி, அதாவது வெட்டைத் தனியாகத் திரும்பத் திரும்ப வீசிப் பழகும் பயிற்சி உள்ள பக்கம். நேர் மென் (தலை) வெட்டு முடியும்போது வலது கை தோள் உயரத்திலும் இடது கை நெஞ்சுக்குழி உயரத்திலும் நிற்கும். இதைச் சொல்லாத புத்தகத்தை நம்பிப் பழகினால் வலது கையால் அடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். தொடக்கநிலையில் அதிகம் காணும் கோளாறு அதுதான்.

பலரும் புரட்டாமல் விடும் அத்தியாயம் ஷினாய் பராமரிப்பு. அது இல்லாத புத்தகம் அரைப் புத்தகம். மூங்கில் பிளந்து சிம்பு கிளம்பினால், எதிராளியின் முகக்கவசக் கம்பிகளுக்குள் புகுந்து கண்ணைக் காயப்படுத்தலாம். நடுவில் கட்டும் நகாயுய் தோல்வார், முனையிலிருந்து ஷினாயின் முழு நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தூரத்தில் இருக்க வேண்டும். அது தளர்ந்து நகர்ந்தால் மூங்கில்கள் பிரிந்துகொள்ளும். எங்கே கட்டுவது என்பதைப் புத்தகத்தில் பாருங்கள். முடிச்சுப் போடுவதை மட்டும் வீடியோவில் பாருங்கள். முடிச்சைப் படத்தில் பார்த்துக் கற்பது வீண் பாடு.

ஆங்கிலம் படிக்க வருமென்றால், ஹிரோஷி ஓஸாவா எழுதி 1997-இல் கொடான்ஷா வெளியிட்ட 'கெண்டோ: தி டெஃபினிட்டிவ் கைடு' இன்றும் நல்ல தொடக்கம். வரலாறு வேண்டுமென்றால் அலெக்சாண்டர் பென்னட்டின் 'கெண்டோ: கல்ச்சர் ஆஃப் தி ஸ்வோர்ட்' (2015) இருக்கிறது. ஆனால் அதில் அடிமுறை தேடாதீர்கள். சுபுரி கைக்கு வந்த பிறகு நிதானமாகப் படிக்க வேண்டியது அது.

படி 2: ஆண்டைப் பாருங்கள்

நிற்பதும் வெட்டுவதும் முப்பது ஆண்டில் மாறவில்லை. விதிகள் மாறியிருக்கின்றன. ஷினாய்க்கான அளவுகளை 2019-இல் அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு இறுக்கியது. கொரோனாவுக்குப் பிறகு, பிடியோடு பிடி முட்டி நிற்கும் சுபஸெரியாயை நீட்டாமல் சீக்கிரம் விலக வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. பழைய போட்டி வீடியோக்களில் வீரர்கள் அப்படியே நெடுநேரம் நிற்பதைப் பார்த்து அதை உத்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரியவர்களுக்கான ஷினாய் அதிகபட்சம் 120 செ.மீ. எடை ஆண்களுக்குக் குறைந்தது 510 கிராம், பெண்களுக்கு 440 கிராம். கைக்காப்பு வட்டின் எடை இதில் சேராது. விதிகளுக்குத் தனியாகப் புத்தகம் வாங்க வேண்டாம். சர்வதேச கெண்டோ கூட்டமைப்பின் இணையதளத்தில் விதிநூல் இலவசமாகக் கிடைக்கிறது.

படி 3: வீடியோவை வடிகட்டுங்கள்

முதலில் பாதம் தெரிகிறதா என்று பாருங்கள். இடுப்புக்கு மேல் மட்டும் காட்டும் பாட வீடியோவில் பாதிப் பாடம் காணாமல் போகிறது. பக்கவாட்டுக் கோணம் ஒன்றாவது இருக்க வேண்டும்.

அடுத்தது சத்தம். குரல், ஷினாய் அடி, வலது பாதம் தரையை மோதும் ஓசை மூன்றும் ஒரே கணத்தில் விழுகின்றனவா என்பதைக் காதால்தான் உறுதி செய்ய முடியும். பின்னணி இசை போட்ட வீடியோக்கள் பார்க்க அழகு, கற்க உதவாது.

கண்ணாடிபோல் திருப்பிப் போட்ட வீடியோக்களும் உலவுகின்றன. மேலங்கியின் இடது மடிப்பு வலதின் மேல் வர வேண்டும். மாறி இருந்தால் படம் திருப்பப்பட்டது. இடுப்பில் தொங்கும் பெயர்ப்பட்டையின் எழுத்து இடவலம் மாறி இருப்பதும் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்துப் பழகினால் காலும் கையும் மாறிவிடும்.

படி 4: தொகுப்பு வேண்டாம், முழுப் போட்டி பாருங்கள்

"சிறந்த 50 அடிகள்" போன்ற தொகுப்புகள்தான் புதியவர்களை அதிகம் கெடுக்கின்றன. அடி விழும் அரை நொடிதான் அதில் இருக்கும். அதற்கு முன் எதிராளியை நெருக்கி மையத்தைப் பிடித்ததும், அடித்த பிறகு கவனம் குலையாமல் திரும்பி நின்றதும் வெட்டப்பட்டிருக்கும். பார்ப்பவருக்கு வேகம்தான் ரகசியம் என்று தோன்றும். அந்த முன்பகுதி இல்லாமல் அந்த அடி விழுந்தே இருக்காது. பின்பகுதி இல்லாவிட்டால் நடுவர் கொடியைத் தூக்கியிருக்க மாட்டார்.

நிப்பான் புடோகானில் வழக்கமாக நவம்பர் 3-இல் நடக்கும் அனைத்து ஜப்பான் சாம்பியன்ஷிப் போட்டிகளிலிருந்து ஒரு முழுப் போட்டியை எடுங்கள். விதிப்படி வழக்கமான ஆட்ட நேரம் ஐந்து நிமிடம். முடிவு இல்லையென்றால் கூடுதல் நேரம் உண்டு. மூன்று முறை பாருங்கள்.

1. நிறுத்தாமல் ஒரு முறை.
2. ஒரு வீரரின் இடது காலை மட்டும்.
3. மூன்று நடுவர்களில் இருவர் கொடி தூக்கும் இடத்தில் நிறுத்தி, ஐந்து நொடி பின்னே போய். கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டு கமா, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும்.

பாருங்கள், ஆனால் அப்படியே செய்யாதீர்கள். சாம்பியன்களின் வெட்டு மணிக்கட்டளவு சின்னது. பெரிதாக உயர்த்திப் பழகி, பல ஆண்டுகளில் சுருங்கி வந்தது அது. முதலிலேயே சின்னதாக அடித்தால் வலது கை இழுக்கும், இடது கால் பின்னால் தங்கிவிடும்.

நெருக்குதல் என்றால் என்ன என்று கண்ணால் பிடிக்க, எட்டாம் 'தான்' (தகுதிநிலை) பெற்ற ஆசிரியர்களின் ஆட்டங்களே மேல். அந்தத் தேர்வை எழுதவே 46 வயது ஆகியிருக்க வேண்டும், ஏழாம் தான் பெற்றுப் பத்தாண்டு கடந்திருக்க வேண்டும். அவர்கள் குறைவாக நகர்வார்கள், நிமிர்ந்து நிற்பார்கள். அடிக்கு முன் நடப்பது தெளிவாகத் தெரியும்.

படி 5: காதாவுக்கு ஒரே மூலம்

காதா என்பது ஜோடியாகச் செய்யும், முன்பே வகுத்த அசைவுத் தொடர். மர வாளால் செய்யும் நிப்பான் கெண்டோ காதா மொத்தம் பத்து: நெடுவாளுக்கு ஏழு, குறுவாளுக்கு மூன்று. அடியெண்ணிக்கை, பார்வை, முனையின் உயரம் எனச் சின்ன வேறுபாடுகள் வீடியோவுக்கு வீடியோ இருக்கும். நான்கைக் கலந்து கற்றால் ஜோடியோடு நிற்கும்போது தூரம் ஒத்துவராது. அனைத்து ஜப்பான் கூட்டமைப்பு வெளியிடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: உங்களையே படம் எடுங்கள்

கைப்பேசியைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். பாதம் முதல் உயர்த்திய ஷினாயின் முனை வரை சட்டகத்தில் வர வேண்டும். வீட்டுக்குள் என்றால் முதலில் மின்விசிறியைப் பாருங்கள், மொட்டைமாடி உத்தமம். இருபது சுபுரி எடுத்து, படி 1-இல் சொன்ன புத்தகப் படத்தோடு ஒரே ஒரு விஷயத்தை ஒப்பிடுங்கள்: இந்த வாரம் இடது குதிகால், அடுத்த வாரம் இடது கை நிற்கும் உயரம்.

புத்தகம் ஒன்று சொல்லி ஆசிரியர் வேறு சொன்னால், தோஜோவில் ஆசிரியர் சொன்னபடியே செய்யுங்கள். பக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பயிற்சி முடிந்து வணக்கம் சொன்ன பிறகு கேளுங்கள். வரிசையில் நிற்கும்போது வேண்டாம்.