லானர்காஸ்ட் மடத்தைக் கல்லில் படிப்பது எப்படி?

நாற்பது ஆண்டுகள் கட்டட மேற்பார்வையாளராக வேலை பார்த்தவன் நான். மகள் வட இங்கிலாந்தின் கார்லைல் நகரில் குடியேறிய பிறகு, அருகிலுள்ள லானர்காஸ்ட் என்ற பழைய கிறிஸ்தவ மடத்துக்கு நான்கு முறை போய்விட்டேன். முதல் முறை தகவல் பலகைகளை மட்டும் படித்துவிட்டுத் திரும்பினேன். மற்ற மூன்று முறையும் சுவர்களைப் படித்தேன். நீங்கள் போனால் பலகைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையிலோ மாலையிலோ போங்கள். உச்சி வெயிலில் கல் தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெயிலில்தான் உளித்தடம் எழுந்து நிற்கும்.

முதலில் கல்லின் அளவைப் பாருங்கள். சுமார் 1169-இல் ராபர்ட் டி வோ என்ற பிரபு அகுஸ்தினார் சபைக் குருக்களுக்காக இந்த மடத்தை நிறுவினார். கூப்பிடு தூரத்தில் ரோமானியரின் ஹேட்ரியன் சுவர் கேட்பாரற்றுக் கிடந்தது. வெட்டிச் செதுக்கிய கல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எந்தக் கொத்தனார் குவாரிக்குப் போவார்? அந்தச் சுவரின் கற்கள் இங்கே ஏராளமாக வந்து சேர்ந்தன. அப்படி ஒரு கல்லின் முன் அரை மணி நேரம் நின்றேன். ஒரே ஆள் தூக்கி வைக்கக்கூடிய சிறு சதுரம், முனைகள் மழுங்கியிருந்தன. ஓரம் போன கல் என்பதால் அதைச் சுற்றி மட்டும் சாந்து தடித்திருந்தது. பக்கத்திலிருந்த பெரிய கல்லிலோ கூரான விளிம்பு, நூல் பிடித்தாற்போல் மெல்லிய இணைப்பு. இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டு இடைவெளி என்று என் கண் சொன்னது. விரலால் சுரண்டிப் பார்க்காதீர்கள், மணற்கல் உதிரும்.

அடுத்து, மடத்தின் கோயிலான தேவாலயத்தின் நடுக்கூடத்துக்குள் நின்று இருபுறமும் பாருங்கள். வடக்கே பக்கக்கூடம் உண்டு, தெற்கே இல்லை. தெற்கில் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் இருந்தன. குளிர் நாட்டில் வெயில் விழும் பக்கத்தைக் குருக்கள் நடப்பதற்கு வைத்துக்கொண்டார்கள்.

பிறகு கிழக்கே திரும்புங்கள். பீடத்துக்குப் பின்னால் ஒரு சுவர் குறுக்கே நிற்கிறது. அதற்கு அப்பால் கூரையில்லாத இடிபாடு. இந்த வெட்டுதான் மடத்தின் முழுக் கதை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1530-களில் மடங்களைக் கலைத்தபோது இதுவும் மூடப்பட்டது. கட்டடங்கள் சர் தாமஸ் டேக்கருக்குப் போயின. முற்றத்தின் மேற்குப் பக்கக் கட்டடத்தை அவர் வீடாக்கிக்கொண்டார். கோயிலில் குருக்களின் கிழக்குப் பகுதி மழைக்குத் திறந்துகிடந்தது. ஊர் மக்களுக்கு வழிபட இடம் வேண்டியிருந்ததால் கோயிலின் மேற்குப் பகுதி தப்பியது. இன்றும் அது பங்குக் கோயில்தான்.

கோயில் பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டு வேலை. அதன்பின் பெரிதாக ஏன் கட்டவில்லை என்று எந்தக் கட்டடக்காரனும் கேட்பான். ஸ்காட்லாந்து எல்லை பக்கத்தில். 1296-இல் தீவைப்பு, 1311-இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் படை, 1346-இல் மறுபடியும் கொள்ளை. இடையில், 1306 இலையுதிர்காலத்தில் நோயுற்ற இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் பரிவாரத்தோடு வந்து, மறுவருடம் மார்ச் வரை தங்கினார். அத்தனை பேருக்கும் சோறு போட்ட சுமையை நினைத்தால் எனக்கு இன்றும் அந்தக் குருக்கள் மேல் இரக்கம் வருகிறது. மன்னர் அந்த ஜூலையிலேயே எல்லையருகில் இறந்துபோனார்.

வெளியே வந்ததும் மேற்கு முகப்பில் கழுத்தை நிமிர்த்துங்கள். உச்சியில் மகதலா மரியாவின் சிலை, அத்தனை தீயையும் கண்ட சிலை, இன்னும் நிற்கிறது.

கடைசியாக, உணவறைக்குக் கீழிருந்த நிலவறைக்கு இறங்குங்கள். ரோமானியப் படைவீரர்கள் தங்கள் தெய்வங்களுக்கு நாட்டிய பலிபீடங்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. டார்ச் விளக்கை நேராகப் பிடிக்காமல் கல்லின் பக்கவாட்டிலிருந்து பிடியுங்கள். தேய்ந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலெழும்பி வரும்.