பலம், வீசை, தோலா, பவுன்: பழைய எடையைக் கிராமுக்கு மாற்றுவது எப்படி?

பழைய சமையல் குறிப்பில் "புளி 1 வீசை 6 பலம்" என்று எழுதியிருக்கும். இன்று கடையில் கிலோவில்தான் கேட்க முடியும். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் ஒரு கணக்கைச் சொல்லும், இன்னொரு பக்கம் வேறொன்றைச் சொல்லும். பலரும் வீசையை "சுமார் ஒன்றரைக் கிலோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது நூறு கிராம் கூடுதல். இந்தக் கணக்கு அவ்வளவு கடினமானதும் இல்லை. ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

படி 1: தோலாவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1833-ல் ஒரு தோலா என்பது 180 கிரெயின் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஒரு கிரெயின் 64.79891 மில்லிகிராம். இரண்டையும் பெருக்கினால் ஒரு தோலா 11.6638 கிராம். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளத் தேவையில்லை, மனத்தில் 11.66 என்று நின்றால் போதும்.

அக்கால வெள்ளி ரூபாயின் எடையும் இதே 180 கிரெயின்தான். அதனால் பழைய குறிப்புகளில் "ஒரு ரூபாய் எடை" என்று வந்தால் ஒரு தோலா என்று எடுத்துக்கொள்ளலாம். இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தைத் தராசில் வைத்து அளந்துவிடாதீர்கள். அதன் எடை வேறு.

படி 2: தோலாவிலிருந்து மேலே ஏறுங்கள்

சென்னை மாகாணத்தில் வழங்கிய வாய்ப்பாடு இது:

3 தோலா = 1 பலம் (34.99 கிராம்)
8 பலம் = 1 சேர் (279.9 கிராம்)
5 சேர் = 1 வீசை (1.4 கிலோ)
8 வீசை = 1 மணங்கு (11.2 கிலோ)
20 மணங்கு = 1 பாரம் (சுமார் 224 கிலோ)

பலத்தை 35 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். சித்த மருத்துவ நூல்களிலும் இன்று பலத்துக்கு 35 கிராம் என்றே கணக்கிடுகிறார்கள். 100 பலம் கொண்ட துலாம் 3.5 கிலோ ஆவதும் அதனால்தான்.

மணங்குக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலேய வணிகக் கணக்குகளில் அதை 25 இறாத்தல் என்று முழு எண்ணாக்கிவிட்டார்கள். ஒரு இறாத்தல் 453.6 கிராம் என்பதால் அந்த மணங்கு 11.34 கிலோ ஆகிறது. ஒரு மணங்குக்கு 140 கிராமுக்கு மேல் வித்தியாசம், ஒரு பாரத்துக்கு ஏறக்குறைய 3 கிலோ. ஏற்றுமதிக் கணக்கைப் படிப்பவர் எந்த மணங்கு என்று முதலில் பார்க்க வேண்டும். வீட்டுக் குறிப்புக்கு 11.2 போதும்.

படி 3: முதலில் ஒரே அலகு, பிறகு கிராம்

நமது புளிக்கு வருவோம். 1 வீசை என்பது 40 பலம். அதோடு 6 பலம் சேர்த்தால் 46 பலம். 46 × 35 = 1,610 கிராம். துல்லியமான எண்ணை வைத்துப் பெருக்கினால் 1,609.6 வரும். அரை கிராம்கூட வேறுபடவில்லை. புளிக்கு இதற்கு மேல் துல்லியம் யாருக்கு வேண்டும்?

வீசையைத் தனியாகவும் பலத்தைத் தனியாகவும் கிராமாக்கி, ஒவ்வொன்றையும் முழுமைப்படுத்திவிட்டுக் கூட்டினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் பலமாக்குங்கள், ஒரே முறை பெருக்குங்கள், முழுமைப்படுத்துவதைக் கடைசியில் செய்யுங்கள்.

கிராமிலிருந்து பழைய எடைக்குத் திரும்ப வேண்டுமானால் வகுக்க வேண்டியதுதான். 700 கிராம் ÷ 35 = 20 பலம், அதாவது அரை வீசை.

சிறிய எடைகளுக்கு சித்த மருத்துவத்தில் குன்றிமணி 130 மில்லிகிராம், பணவெடை 488 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், கழஞ்சு 5.1 கிராம் என்று கொள்கிறார்கள். படித்துப் புரிந்துகொள்ள இது உதவும். இதை வைத்துக்கொண்டு வீட்டில் மருந்து செய்ய இறங்காதீர்கள். அது மருத்துவரின் வேலை.

படி 4: தங்கத்துக்கு வேறு வாய்ப்பாடு

சவரன் என்ற ஆங்கிலேயத் தங்க நாணயத்தின் எடை 7.988 கிராம். நம் கடைகளில் அதை 8 கிராம் ஆக்கிக்கொண்டு பவுன் என்கிறோம். உலகச் சந்தையிலோ தங்கத்தின் விலையை டிராய் அவுன்சில் சொல்கிறார்கள். அது 31.1035 கிராம். மளிகைக்குப் பயன்படும் அவுன்ஸ் 28.35 கிராம்தான். இந்த இரண்டையும் குழப்பினால் விலைக் கணக்கு பத்து சதவீதத்துக்கு அருகே தவறிவிடும்.

ஒரு டிராய் அவுன்ஸ் 3,11,035 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 31.1035-ஆல் வகுத்தால் ஒரு கிராம் 10,000 ரூபாய். எட்டால் பெருக்கினால் பவுன் 80,000. இது 24 காரட் சுத்தத் தங்கத்துக்கு. ஆபரணத் தங்கம் 22 காரட் என்பதால் 22/24-ஆல் பெருக்குங்கள்: சுமார் 73,333 ரூபாய். இறக்குமதி வரி, ஜிஎஸ்டி, செய்கூலி, சேதாரம் எல்லாம் இதற்கு மேல்தான் வரும். கடை ரசீதில் உள்ள தொகை உங்கள் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகாததற்குக் காரணமும் அதுவே.

வைர மோதிரச் சீட்டில் காரட் என்று வந்தால் அது எடை: ஒரு காரட் 200 மில்லிகிராம். தங்கத்தின் காரட் தரத்தைச் சொல்வது. ஒரே சீட்டில் இரண்டும் இருக்கும், பார்த்துப் படியுங்கள்.

உங்கள் கணக்கைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. டிராய் அவுன்ஸ் 480 கிரெயின், தோலா 180 கிரெயின். ஆகவே 8 தோலா சரியாக 3 டிராய் அவுன்ஸ். 10 தோலாத் தங்கக் கட்டி 3.75 அவுன்ஸ், 116.64 கிராம். இந்த எண் வரவில்லையென்றால் எங்கோ மளிகை அவுன்ஸ் நுழைந்துவிட்டது.

படி 5: எந்த ஊர் அளவு என்று பாருங்கள்

வட இந்தியாவில் வழங்கிய சேர் 80 தோலா, 933 கிராம். நம்முடையது 24 தோலா. அங்கே 40 சேர் கொண்ட மணங்கு 37.32 கிலோ, நம் மணங்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல். வட இந்தியச் சமையல் நூலையோ ரயில்வே சரக்குப் பதிவேட்டையோ படிக்கும்போது அந்த வாய்ப்பாட்டைப் போடுங்கள்.

படி, உழக்கு, ஆழாக்கு என்று குறிப்பில் வந்தால் மேலே சொன்ன எதையும் போடக்கூடாது. அவை கொள்ளளவுகள். ஒரு படி அரிசியும் ஒரு படி அவலும் ஒரே எடை வராது. அந்தப் பொருளை அதே படியில் அளந்து, தராசில் வைத்துத்தான் கிராம் பார்க்க வேண்டும்.