புதிய தமிழ் நூல் நூலகத்துக்கு வந்துவிட்டதா? தேடி எடுக்கும் முறை

கோலாலம்பூரில் கல்லூரி சேர்ந்த முதல் தவணையிலேயே பல மாணவர்கள் சொல்லிவிடுவது: "நம்ம நூலகத்துல தமிழ்ப் புத்தகமே இல்ல." பெரும்பாலும் அது சரியல்ல. புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். தேடுபெட்டியில் தட்டிய எழுத்துதான் அதைப் போய்ச் சேரவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இலேயே தொடங்கியது. இத்தனை காலம் சேர்ந்த தமிழ் நூல்கள் தேடத் தெரியாததால் கண்ணில் படாமல் கிடப்பது பெரிய இழப்பு.

படி 1: புதுவரவைப் பார்ப்பது

நூலகத் தளத்தின் 'புதிய வரவு' பக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். அட்டைப்படம் கிடைத்த நூல்கள்தான் பெரும்பாலும் அங்கே இடம்பெறும். நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடி, முடிவுகளை 'நூலகத்தில் சேர்ந்த நாள்' வரிசைக்கு மாற்றுங்கள். கோஹா என்ற நூலக மென்பொருள் உள்ள நூலகங்களில் இந்த வசதி உண்டு. 'பதிப்பித்த ஆண்டு' வரிசையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாறுவீர்கள். 2012இல் சென்னையில் அச்சான நூல் போன மாதம்தான் இங்கு வந்திருக்கலாம். அதுவும் புதுவரவுதான்.

படி 2: எழுத்துக்கூட்டு (நின்று நிதானமாகப் படியுங்கள்)

சிக்கல் முழுவதும் இங்கேதான். பட்டியலில் தமிழ் எழுத்திலேயே தேடிப் பாருங்கள். கிடைத்தால் நல்லது. பல நூல்களுக்குத் தமிழ் எழுத்துப் பதிவே இருக்காது, ரோமன் எழுத்து மட்டுமே இருக்கும். அந்த ரோமன் எழுத்தும் நாம் வாட்ஸ்அப்பில் தட்டுவது போன்றது அல்ல. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பின்பற்றும் ஒலிபெயர்ப்பு முறை அது. நூலகங்கள் ஒன்றின் பதிவை இன்னொன்று படியெடுப்பதால் அந்த முறை இங்கும் வந்துவிட்டது.

அந்த முறை ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறது. ரோமன் எழுத்தில் எழுதும் நம் ஊர்ப் பெயர்களை வைத்து மனப்பாடம் செய்துகொள்ளலாம்:

க என்றால் எப்போதும் கிள்ளானின் முதலெழுத்து, கோம்பாக்கின் முதலெழுத்து அல்ல.
ச என்றால் செராஸின் முதலெழுத்து, சிரம்பானின் முதலெழுத்து அல்ல.
ட, த இரண்டுக்கும் தைப்பிங்கின் முதலெழுத்து, டாமான்சாராவின் முதலெழுத்து அல்ல. பின்னால் 'எச்' சேர்க்கவே கூடாது.
ப என்றால் பினாங்கின் முதலெழுத்து, பத்துமலையின் முதலெழுத்து அல்ல.
ல, ள, ழ மூன்றும் 'எல்'. ழகரத்துக்கு 'இசட்', 'எச்' போடுவதுதான் மிகப் பெரிய தவறு.
நெடிலுக்கு ஒரே உயிரெழுத்து போதும், இரட்டிக்க வேண்டாம்.

பதிவில் எழுத்துக்கு மேலும் கீழும் கோடும் புள்ளியும் இருக்கும். பெரும்பாலான பட்டியல்களில் தேடும்போது அவை தேவையில்லை.

'சிறுகதை' என்று தேட வேண்டுமா? சி-ஐ-ஆர்-யு-கே-ஏ-டீ-ஏ-ஐ. 'எஸ்' போட்டுத் தொடங்கினால் பூஜ்யம்தான். 'வாழ்க்கை' என்பதற்கு வி-ஏ-எல்-கே-கே-ஏ-ஐ. 'மலேசியா' கூட தமிழ்த் தலைப்பில் வந்தால் எம்-ஏ-எல்-ஈ-சி-ஐ-ஒய்-ஏ ஆகிவிடும். ஜ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் வழக்கமான எழுத்தே வரும்.

இன்னொரு கண்ணி: ஒற்று. 'சிறுகதைத் தொகுப்பு' என்ற தலைப்பில் முதல் சொல் 'சிறுகதைத்' என்று ஒற்றோடு பதிவாகியிருக்கும். ஆகவே சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி போடுங்கள். ஒற்றும் 'கள்' விகுதியும் அதிலேயே அடங்கிவிடும்.

எங்கள் பரிந்துரை, நூல் பெயர் தெரிந்திருந்தால் முதலில் அதன் ஐஎஸ்பிஎன் எண்ணை (ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் அனைத்துலக அடையாள எண்) கண்டுபிடித்துத் தட்டுங்கள். எழுத்துக்கூட்டுச் சண்டையே இல்லை. 978க்கு அடுத்து 967, 983, 629 வந்தால் மலேசிய நூல். 81 அல்லது 93 வந்தால் இந்திய நூல்.

படி 3: நிலை

பட்டியலில் நூலின் நிலை மலாயில் இருக்கும். 'டி ராக்' என்றால் அலமாரியில் உள்ளது. 'டிபிஞ்சாம்' என்றால் இரவல் போயிருக்கிறது, முன்பதிவு செய்யுங்கள். 'டாலாம் புரோசெஸ்' என்றால் நூல் வந்துவிட்டது, எண் ஒட்டும் வேலை பாக்கி. இதைப் பார்த்ததும் பலர் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். முகப்பில் கேட்டால் பல நூலகங்களில் முன்னுரிமை கொடுத்து முடித்துத் தருவார்கள்.

படி 4: அலமாரி

காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில் தமிழ் எழுத்தாளர்களின் படைப்புகளை பிஎல் 4758.9இல் தேடுங்கள். டூவி என்ற மற்றொரு வகைப்பாட்டு முறை என்றால் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ்மொழி 494.811. புள்ளிக்குப் பின் வருவது தசமம். 894.8113 என்ற எண் 894.82க்கு முன்னால்தான் நிற்கும்.

படி 5: ஆய்விதழ்

பட்டியலில் கட்டுரைத் தலைப்பைத் தட்டாதீர்கள், இதழின் பெயரைத் தட்டுங்கள். பட்டியல் பொதுவாக இதழைத்தான் பதிவு செய்யும். கட்டுரைக்குத் தரவுத்தளம் போக வேண்டும். வீட்டிலிருந்து திறந்தால் பணம் கேட்கும். நூலகத் தளம் வழியே மாணவர் கணக்கில் நுழைந்துவிட்டுப் போங்கள். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் இருக்காது. அது உங்கள் நூலகத்தின் குறை அல்ல, பதிப்பாளர் வைத்த இடைவெளி. மலாயாப் பல்கலைக்கழகத்தின் 'தமிழ்ப் பேராய்வு' இதழை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

படி 6: படம்

டிவிடியை எடுக்கும் முன் பின்னட்டையில் உருண்டைக்குள் உள்ள வட்டார எண்ணைப் பாருங்கள். எந்த நாட்டுக் கருவிகளில் வட்டு ஓடும் என்பதை அது காட்டும். மலேசியா 3ஆம் வட்டாரம், இந்தியா 5ஆம் வட்டாரம். 5 மட்டும் போட்ட வட்டு நம் வீட்டுக் கருவியில் ஓடாமல் போகலாம். 'அனைத்து வட்டாரம்' என்றிருந்தால் கவலை இல்லை. வட்டுக்கருவி உள்ள நூலகக் கணினியில் அங்கேயே ஒரு நிமிடம் ஓட்டி, வசனவரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

உள்ளூர் நூல்கள் மேலே சொன்ன முறையில் கிடைக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். காரணம் உண்டு. மலேசியப் பதிப்பாளர் பதிப்புரிமைப் பக்கத்தில் தம் விருப்பப்படி ரோமன் தலைப்பு அச்சிட்டிருந்தால், நூலகர் அதையே பதிந்திருப்பார். அப்போது 'எஸ்', 'டீ-எச்' போட்ட வழக்கமான எழுத்திலும் ஒருமுறை தேடுங்கள். எழுத்தாளர் பெயரில் தேடினால் தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தட்டுங்கள்.

அப்படியும் இல்லையா? ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தின் பட்டியலைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். பதிவு கிடைத்தால் அதிலுள்ள ஐஎஸ்பிஎன்னை எடுத்து, உங்கள் கல்லூரி நூலகத்தின் 'வாங்கப் பரிந்துரை' படிவத்தில் எழுதுங்கள். விலையையும் கிடைக்கும் கடையையும் சேர்த்து எழுதினால் நூலகருக்கு வேலை பாதியாகக் குறையும்.