முடி நடுறதுக்கு முன்னாடி பின்மண்டையைப் பாருங்க

மதுரை செல்லூர்ல 22 வருசமா சலூன் வச்சிருக்கேன். நான் டாக்டர் இல்லை. ஆனா முடி நட்ட தலையை நட்டுவிட்ட டாக்டரைவிட நான்தான் அதிகம் பார்ப்பேன். அவருக்கு ஒரு வருசத்தோட முடிஞ்சிரும், எனக்கு மாசாமாசம் வரும். போன மார்கழியில எங்க அக்கா மகன் நட்டப்ப கூடவே இருந்தேன்.

அவன் முதல்ல வந்து கேட்டப்ப வயசு 24. "மாப்ள, முன்னாடி இருக்கிற வழுக்கையை விடு, அங்கிட்டுத் திரும்பு"ன்னு சொல்லி, கைக்கண்ணாடியைப் பின்னால பிடிச்சுக் காட்டினேன். நடுற முடி எல்லாம் அங்கிருந்துதான் வரணும். ரெண்டு காதுக்கும் நடுவுல பின்மண்டையில இருக்கிற முடியை வழுக்கை ஹார்மோன் லேசுல அசைக்காது. அதை வேரோட எடுத்து முன்னாடி வைக்கிறாங்க, அவ்வளவுதான். எடுத்த இடத்துல திரும்ப முளைக்காது. வேரோட எடுக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் கிராஃப்ட்னு பேரு. நல்ல அடர்த்தி உள்ளவனுக்கே ஆயுசுக்கும் 6,000 கிராஃப்ட் தேறினா பெருசு. ஒரு கிராஃப்ட்டுல 1 முதல் 4 முடி வரைக்கும் இருக்கும். அதனால யாராவது "4,000 முடி"ன்னு விலை சொன்னா, கிராஃப்ட் எத்தனைன்னு திருப்பிக் கேளுங்க.

அவனை ஒரு இடத்துல 3,000 கிராஃப்ட், உடனே நாள் குறிக்கலாம்னாங்க. நெத்தியில சினிமா ஹீரோ கணக்கா கோடும் போட்டுக் காட்டிட்டாங்க. இன்னொரு டாக்டர் லென்ஸ் வச்சுத் தலை பூராவும் பார்த்துட்டு, "இப்ப வேணாம், மருந்து போட்டுப் பார்ப்போம்"னார். ரெண்டாவது ஆளைத்தான் நான் நம்பினேன். சின்ன வயசுல முன்னாடி நட்டுட்டா, அதுக்குப் பின்னால இருக்கிற சொந்த முடி உதிர்றது நிக்காது. அப்படி ஒருத்தர் என் நாற்காலியில உக்கார்றாரு. முன்னாடி ஒரு திட்டு, நடுவுல பொட்டல். அதுலயும் நெத்திக்கோடு அடிஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கும். முன்வரிசையில ஒத்தை முடியாத்தான் வைக்கணும். அவருக்குக் கொத்துக் கொத்தா வச்சதால நாத்து நட்ட மாதிரியே தெரியுது.

உதிர்றது எதனாலன்னு முதல்ல தெரியணும். டெங்கு, டைபாய்டு வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொத்தாக் கொட்டும், அது பெரும்பாலும் தானா வந்துரும். காசு அளவுக்கு வட்டமாப் போனா புழுவெட்டு, அது பரவிக்கிட்டு இருக்கிறப்ப நடவு பேச்சே எடுக்கக் கூடாது. தைராய்டு, ரத்தசோகையும் பார்த்துக்கங்க. எங்க அரசு ராசாசி மருத்துவமனை தோல் பிரிவுல ஒரு காலைப் பொழுது காத்திருந்தா இதெல்லாம் தெரிஞ்சிரும்.

மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடுங்கிற ரெண்டு மருந்தும் முக்கியமா இருக்கிற முடியைக் காப்பாத்தத்தான். நட்ட பிறகும் தொடரச் சொல்லுவாங்க, நிறுத்தினா பலன் போயிரும். ஃபினாஸ்டரைடு சில பேருக்குத் தாம்பத்திய ஆசையைக் குறைக்கும். கூச்சப்படாம டாக்டர்கிட்ட கேளுங்க. உடைஞ்ச மாத்திரையை மாசமா இருக்கிற பொண்ணுங்க தொடக் கூடாது.

யார் செய்றாங்கங்கிறதுல மட்டும் முகதாட்சண்யம் பார்க்காதீங்க. 2016ல ஒரு மருத்துவ மாணவரே சென்னையில இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பிறகு இறந்துபோனார். யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டது பயிற்சி ஆகாதுன்னு 2022ல தேசிய மருத்துவ ஆணையம் சொல்லியிருக்கு. டாக்டரோட மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்க. துளை போடுறது அவரா, உதவியாளரா? மரத்துப்போற ஊசியில ஏதாவது ஆச்சுன்னா சமாளிக்க என்ன இருக்கு? இதைக் கேட்டதும் மூஞ்சியைச் சுளிச்சா எந்திரிச்சு வந்துருங்க. சுகர், பிரஷர், ஹெபடைடிஸ், ஹெச்ஐவி டெஸ்ட் எடுக்காம கத்தி வைக்கிற இடமும் வேணாம். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா முன்கூட்டியே சொல்லணும், நீங்களா நிறுத்தக் கூடாது.

அப்புறம் நேர்த்திக்கடன். சிரிக்காதீங்க. நடுறதுக்கு முன்னாடி தலையை ஒட்ட வழிச்சிருவாங்கன்னு கேட்டதும் எங்க அக்கா, "அழகர் கோயிலுக்கு நேர்ந்த மொட்டை பாக்கி இருக்கு, அதை ஆஸ்பத்திரியில போய் போடுவானா?"ன்னு ஒத்தக்கால்ல நின்னுருச்சு. நட்ட பிறகு டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் சவரக்கத்தி ஆகாதுங்கிறதால, அதை முதல்ல முடிச்சோம். முடி வளர நாலு மாசம் விட்டு, 27 வயசுல 1,800 கிராஃப்ட் நட்டான்.

மார்கழியைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம், அப்ப வேர்வையும் இருக்காது, கல்யாண வீடும் இருக்காது. அக்னி நட்சத்திரத்துல இந்த ஊர்ல நட்டுட்டு எங்க போய் ஒளியுறது? ஹெல்மெட் போட முடியாது, அதனால திரும்பி வர ஆட்டோதான். ஒரு வாரம் சாய்வு நாற்காலியில தூங்கினான். மூணாம் நாள் நெத்தி வீக்கம் கண்ணுக்கு இறங்கி பன்னு மாதிரி ஆயிருச்சு, ரெண்டு நாள்ல வடிஞ்சது. மூணாவது வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு போன்: "மாமா, நட்டது எல்லாம் கொட்டுது." கொட்டத்தான் செய்யும், வேர் உள்ள இருக்கும். நாலாம் மாசம் பூனைமுடி மாதிரி கிளம்புச்சு. முழுசாத் தெரிய ஒரு வருசம் ஆகும்.

போன வாரம் அந்த முன்முடிக்கு முதல் தடவையா கத்தரி வச்சேன். கொஞ்சம் சுருட்டையா இருக்கு, போகப் போக படிஞ்சிரும். பின்னாடி மிஷின் ஒண்ணாம் நம்பர் கேட்டான். எடுத்த இடத்து வெள்ளைப்புள்ளி தெரியும்னு கைக்கண்ணாடியில காட்டி, நாலாம் நம்பர்தான் போட்டு அனுப்புனேன்.