தாயம் விழுந்தால் மேட்டூர் திறக்கும்: வீட்டிலேயே ஒரு காவிரி விளையாட்டு

போன கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தருகிறேன் பேர்வழி என்று 38 மாவட்டங்களுக்கும் 38 கேள்வி அட்டை வெட்டினேன். தலைநகரைச் சொன்னால் இரண்டு கட்டம் முன்னே போகலாம். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: நீலகிரியையும் கன்னியாகுமரியையும் விட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் கேள்வியிலேயே பதில் இருக்கிறது! பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

கடையில் விற்கும் விளையாட்டுகளில் பலவும் இந்த ரகம்தான். வினாடி வினாவுக்கு ஒரு பலகையை ஒட்டிவைத்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நிலம் எப்படிக் கிடக்கிறதோ அதுவே விளையாட்டின் விதியாக இருக்க வேண்டும். அப்படி யோசித்ததில் வந்ததுதான் இந்தக் காவிரித் தாயம். எட்டு வயதுக்கு மேல் யாரும் ஆடலாம்.

படம்

அட்லஸில் காவிரி வரும் பக்கத்தை ஏ3 அளவுக்கு ஜெராக்ஸ் எடுத்து, கட்டம் போட்டு முழு சார்ட்டுக்குப் பெரிதாக்குங்கள். கட்டம் போட்டு வரைவது பள்ளியில் எல்லோரும் செய்ததுதானே, விளக்கவில்லை. தலைக்காவிரி, கிருஷ்ணராஜ சாகர், சிவசமுத்திரம், ஒகேனக்கல், மேட்டூர், பவானி, கரூர், முக்கொம்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மறுபக்கம் ஊறும். மெழுகு வண்ணம்தான் நல்லது. சார்ட்டை அப்படியே சுருட்டி வைத்தால் அடுத்த முறை விரிக்கும்போது நான்கு மூலையிலும் டம்ளர் வைக்க வேண்டியிருக்கும். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன்மேல் ஒட்டிவிடுங்கள்.

கட்டம் பிரித்தல்: நான் சறுக்கிய இடம்

முதல் தடவை ஊருக்கு ஊர் ஐந்து கட்டம் என்று போட்டுவிட்டேன். தலைக்காவிரியிலிருந்து கிருஷ்ணராஜ சாகருக்கு ஐந்து, முக்கொம்பிலிருந்து கல்லணைக்கும் ஐந்து. சின்னவன் இரண்டும் ஒரே தூரம் என்றே நினைத்துக்கொண்டான். தவறு அவனுடையது அல்ல.

சரியான வழிக்கு ஒரு நூல் போதும். நனைத்த நூலை ஆற்றின் வளைவு நெளிவெல்லாம் படியும்படி தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை ஒட்டவையுங்கள். காய்ந்ததும் எடுத்து நீட்டி, பாதியாக மடித்து மடிப்பில் மை வையுங்கள். அதை மறுபடி பாதி, மறுபடி பாதி. ஐந்து முறை மடித்தால் 32 பாகம். காவிரியின் நீளம் சுமார் 800 கி.மீ. ஆகவே ஒரு பாகம் 25 கி.மீ. நூலைத் திரும்ப ஆற்றின்மேல் படியவைத்து, மை இருக்கும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். சரிபார்க்க ஒரு கணக்கு: கர்நாடகத்துக்குள் 320 கி.மீ., இரு மாநில எல்லையாக 64 கி.மீ., தமிழ்நாட்டில் 416 கி.மீ. அப்படியென்றால் 13 கட்டம் தாண்டும்போது எல்லை வந்திருக்க வேண்டும். வராவிட்டால் நூல் எங்கோ வளைவைக் குறுக்கே வெட்டியிருக்கிறது.

இதோடு பிரச்சினை தீரவில்லை. முக்கொம்பும் கல்லணையும் இப்போது கிட்டத்தட்ட ஒரே கட்டத்துக்குள் வந்து விழுந்துவிட்டன. ஆறு பல கிளையாகப் பிரிகிற இடத்தில் காய் வைக்கவே இடமில்லை. இரண்டு நாள் யோசித்து, கடைசியில் அட்லஸிலேயே விடை கிடைத்தது. பெரிய நகரங்களை மட்டும் ஓரத்தில் தனிப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள் அல்லவா, அதேதான். முக்கொம்புக்குக் கிழக்கே டெல்டாவை இரண்டாவது தாளில் தனியாக வரைந்தேன். அங்கே ஒரு கட்டம் 10 கி.மீ. முதல் தாளில் 25-ஆவது கட்டத்தை ஒட்டி முக்கொம்பு வரும். அங்கே காய் தாள் மாறும்.

ஆட ஆரம்பித்ததும் பெரியவள் கேட்டாள்: "இவ்வளவு நேரம் வேகமா வந்தேன், இப்ப ஏன் மெதுவாப் போறேன்?" இரண்டு தாளின் மூலையிலும் அளவை எழுதிவைத்திருந்தேன், காட்டினேன். வரைபட அளவுகோல் பாடம் அத்தோடு முடிந்தது.

புளியங்கொட்டை

பகடை வேண்டாம், உருண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். நான்கு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேயுங்கள். (தேய்த்த சூட்டோடு தம்பி கையில் வைத்து அழவிடுவதெல்லாம் உங்கள் பொறுப்பு.) மேலே தெரியும் வெள்ளைதான் எண். நான்கும் கறுப்பாக விழுந்தால் எட்டு.

விதிகள்

துணையாறு சேருமிடத்தில், அதாவது கபினி, பவானி, நொய்யல், அமராவதி கலக்கும் கட்டங்களில், இன்னொரு ஆட்டம் உண்டு. சிவசமுத்திரம், ஒகேனக்கல் இரண்டும் அருவி, ஒரு கட்டம் தானாக இறங்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், ஸ்ரீரங்கம் மூன்றும் தீவுகள். அவை தாயக் கட்டத்தில் 'மலை' என்போமே, அந்தப் பாதுகாப்பான கட்டங்கள், அங்கே காயை வெட்ட முடியாது. மூன்று தீவிலும் ரங்கநாதர் படுத்திருக்கிறார் என்று அப்பாயி சொன்ன பிறகு பிள்ளைகளுக்கு அந்தக் கட்டங்கள் மறக்கவில்லை.

மேட்டூரில் எல்லோரும் நிற்க வேண்டும். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் மதகு திறக்கும். குறுவைக்கு ஜூன் 12 என்று தேதி பார்த்துக் காத்திருக்கிற கதைதான். எட்டு விழுந்தால் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நிற்கிற காய்கள் எல்லாம் ஒன்றாக வெளியே போகலாம்.

முக்கொம்பில் எட்டு போட்டவர் கொள்ளிடத்தில் இறங்குவார், வெள்ள நீர் போகிற வழி அது. மற்றவர்கள் காவிரியிலேயே கல்லணைக்கு. அங்கே மறுபடி போட வேண்டும்: ஒன்று காவிரி, இரண்டு வெண்ணாறு, மூன்று கல்லணைக் கால்வாய், நான்கு உங்கள் இஷ்டம், எட்டு கொள்ளிடம்.

முதலில் 'பூம்புகார் கடலை முதலில் தொட்டவர் வெற்றி' என்றுதான் எழுதியிருந்தேன். மன்னார்குடிப் பக்கம் பிறந்த அப்பாயி ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு, "தண்ணி கடலுக்குப் போனா ஜெயிச்சதா? யாருடா இத எழுதுனது?" என்றார். எழுதியது நான். அன்றிரவே மாற்றினேன். டெல்டா தாளில் ஒவ்வொரு ஊரைத் தாண்டும்போதும் ஒரு நெல்மணி எடுக்கலாம். காவிரியில் திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை. கால்வாயில் தஞ்சாவூர், ஒரத்தநாடு. வெண்ணாற்றில் நீடாமங்கலம், அங்கே பாமணியாற்றில் திரும்பினால் மன்னார்குடி. எந்தக் கிளையானாலும் கடைமடையைத் தொட்டால் கூடுதலாக மூன்று நெல். கொள்ளிடத்தில் ஓடுபவருக்கு அணைக்கரையில் மட்டும் இரண்டு நெல், அங்கிருந்து வீராணத்துக்குத் தண்ணீர் போகிறதே. நெல் அதிகம் வைத்திருப்பவர் ஜெயித்தார்.

சேர்த்தது, ஒரு மாதம் கழித்து: மேட்டூரில் சிக்கி அழுகிறார்கள் என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். நான்கு கொட்டையில் ஒன்று விழ நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான், சில நாள் அடம்பிடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு நான்காவது முறை எது விழுந்தாலும் திறந்துவிடுங்கள். பெரியவர்களுக்குச் சலுகை கிடையாது.

மறுபடியும்: கடற்கரையிலிருந்து ஒரு வாசகி, முகத்துவாரத்துக்கு நல்ல தண்ணீர் வராவிட்டால் இறால் குஞ்சு ஏது என்று கேட்டிருந்தார். நியாயம். கடலைத் தொடும் முதல் காய்க்கு இப்போது ஒரு நெல் உண்டு. அப்பாயிக்கு இன்னும் சம்மதமில்லை.

வைகைக்கு இதே மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டவருக்கு: முயன்றுகொண்டிருக்கிறேன். 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைக்கு வருகிறது, அதற்கு ஒரு தாவல் கட்டம் தயார். ஆனால் ஆறு ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நிற்கிறது. கடைசிக் கட்டத்தை அங்கே போடுவதா, கடல்வரை நீட்டுவதா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓடுகிறது.